பந்து போட நம் கை, மட்டை பிடிக்க அவர் கை

2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குத் தமிழக அரசு சீல் வைத்தது. மொத்தம் 160 ஏக்கர் அரசு நிலம். வெள்ளையர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு! உயர்த்திய வாடகையைக் கட்டவில்லை, 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்றது அரசு. கிளப் நீதிமன்றம் போனது. அந்த நிலத்தில் 118 ஏக்கரில் பூங்காவும் வெள்ளநீரைத் தேக்கும் குளங்களும் அமைக்க அரசு வேலையைத் தொடங்கியது.

நிலத்தை எடுத்தது சரி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாட்களில் நடந்த விவாதங்களில் குதிரை பேசப்பட்டது, பூங்கா பேசப்பட்டது, குத்தகைச் சட்டம் பேசப்பட்டது. இந்த நகரத்தில் விளையாடுவதற்கென்று நிலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்படவே இல்லை என்ற கேள்வி அதிகம் பேசப்படவில்லை. அந்தக் கேள்வியை நாம் வடக்கே சடையங்குப்பத்திலிருந்து கேட்கிறோம்.

சடையங்குப்பம் தெரியாத தோழர்களுக்காக: மணலி சுத்திகரிப்பு ஆலைக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட தாழ்வான நிலப்பகுதி. பர்மா நகர், இருளர் காலனி ஆகிய குடியிருப்புகள் இருக்கும் ஊர். பூண்டி ஏரியில் உபரிநீரைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு பெருகி, செய்திகளில் முதலில் அடிபடும் பெயர்களில் இதுவும் ஒன்று. 2021 நவம்பரில் அப்படித்தான் நடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு கசிந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம்வரை போய் மீனவர்களின் படகையும் வலையையும் பாழாக்கியது. இந்தப் பட்டையில் பிள்ளைகள் பந்து விளையாடுவது பெரும்பாலும் கம்பெனி காம்பவுண்டுச் சுவருக்கும் லாரி போகும் ரோட்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடத்தில்தான். மழைக்காலத்தில் அந்த இடமும் தண்ணீருக்குப் போய்விடும்.

இங்கே ஏன் ஒரு பர்மா நகர் இருக்கிறது? அதற்கான பதில் தெரிந்தால்தான் கிண்டிக் கேள்விக்கும் பதில் தெரியும்.

1860 அக்டோபரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அப்போது இங்கே துறைமுகம் கட்டப்படவில்லை. மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பலேற வேண்டும். நவம்பர் 16 அன்று அது டர்பனில் போய்ச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன முதல் ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் அது. 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் அப்படிப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிலிருந்து. கப்பல் பதிவேட்டில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதிக்கும் இடமிருந்தது. கடலைக் கடந்தால் சாதி போய்விடும் என்று ஊரில் சொன்னார்கள். வெள்ளைக்காரன் அதைப் பத்திரமாக எழுதிக் கப்பலில் ஏற்றி அனுப்பினான்.

ஏன் போனார்கள் என்பதற்குச் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையைப் பார்த்தால் போதும். சென்னையைச் சுற்றியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பறையர்கள் நிலமற்றவர்களாக, குடியிருக்கும் மனைகூடத் தங்கள் பெயரில் இல்லாதவர்களாக இருந்த நிலையை அது எழுதியது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் போராடிக்கொண்டிருப்பது அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையின் நிலம்தான். உழைப்பவனுக்கு ஊரில் நிலமில்லை. ஆகவே கப்பல்.

பர்மாவும் அப்படித்தான். மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பார். போனவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. வட்டிக்குக் கொடுத்து நிலம் சேர்த்தவர்களும் உண்டு, ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், வயலில் நாற்று நட்டவர்களும், நகரத்தின் மலம் அள்ளியவர்களும் உண்டு. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர். 1937-இல் பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் காட்டு வழியே நடந்தார்கள். அந்த ஓட்டத்திலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். 1962-இல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளை நாட்டுடைமை ஆக்கியது. 1964-இல் பெரிய நோட்டுகளைச் செல்லாது என்றது. தமிழ்நாட்டுக்குத் திரும்பிவந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர். அவர்களில் ஒரு பகுதியினர் வடசென்னையில் ஒதுங்கினார்கள். அவர்களுடைய அத்தோ ஊர் முழுக்கப் பரவியது. அவர்களுக்குக் கிடைத்த நிலமோ, வேறு யாரும் விரும்பாத பள்ளம்.

இதில் ஒரு விதி இருக்கிறது. ஏகாதிபத்தியம் நம்மிடம் கேட்டது உழைப்பை; மறுத்தது இடத்தை. கரும்பு வெட்ட வா, குடியுரிமை கேட்காதே. மூட்டை தூக்கு, நிலம் கேட்காதே. இந்த விதி வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது இல்லை. சேரியில் குடியிருந்து ஊர் வயலில் உழைக்கச் சொன்ன சாதிக்கு அது ஏற்கெனவே தெரியும். இரண்டும் சந்தித்தபோது ஒன்றையொன்று எளிதாகப் புரிந்துகொண்டன.

விளையாட்டில் இந்த விதி எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம்.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் தொடங்கப்பட்டது. பிறகு சேப்பாக்கத்துக்குப் போனது. ஐரோப்பியருக்கு மட்டும். விளையாட வந்த இந்தியர்களுக்கு மரத்தடிதான், பெவிலியனுக்குள் இடமில்லை. அந்த அவமானத்துக்குப் பதிலாக புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பின்னாளில் பொங்கல் நேரத்தில் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் நடந்த பிரசிடென்சி ஆட்டம் ஊர்த் திருவிழாவாகவே ஆனது. சென்னை கிரிக்கெட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை நிறவெறிக்கு எதிரான வீரக் கதையாகச் சொல்கிறார்கள். நாமும் அப்படியே ஏற்கலாம். அடுத்த கேள்வி ஒன்றுதான்: வெள்ளையன் மூடிய கதவைத் தட்டியவர்கள், தாங்கள் கட்டிய வீட்டின் கதவை யாருக்குத் திறந்தார்கள்?

அதற்கு விடை புனேயில் இருக்கிறது. பல்வங்கர் பாலு. தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட தீண்டப்படாத சாதியில் பிறந்தவர். 1890களில் புனேயின் ஐரோப்பியர் கிளப்பில் மாதம் 4 ரூபாய் கூலிக்கு மைதான வேலை பார்த்தார். களத்தை உருட்டுவது, வலை கட்டுவது, வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பயிற்சிக்காகப் பந்து போடுவது அவர் வேலை. கேப்டன் கிரெய்க் என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரருக்கு மணிக்கணக்காகப் பந்து போட்டார். அந்தக் கிளப்பில் ஒரு நாள்கூட அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. பந்து போடுவது உடலுழைப்பு, அதற்குக் கூலியாள் போதும். மட்டை பிடிப்பது கனவான் வேலை.

பிறகு இந்து அணிக்கு ஆள் தேவைப்பட்டது. ஐரோப்பியரை ஜெயிக்க வேண்டும் என்றால் பாலுவின் இடது கைச் சுழல் வேண்டும். சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடித்ததும் தூக்கி எறியும் மண் குவளை. இரட்டைக் குவளை தமிழ்நாட்டு டீக்கடைக்கு மட்டும் சொந்தமானது இல்லை, தோழர்களே. இந்தியக் கிரிக்கெட்டின் பெவிலியன் வாசலிலும் அது இருந்தது.

1911-இல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில் பாலு 114 விக்கெட்டுகளை எடுத்தார். அந்த அணிக்குத் தலைவர் பாட்டியாலா மகாராஜா. பாலுவை இந்து அணியின் கேப்டனாக்க மட்டும் கடைசிவரை மனம் வரவில்லை. 1920-இல் அவரை ஒதுக்கியபோது அவருடைய தம்பிகள் ஆட மறுத்து விலகினார்கள். 1923-இல்தான் தம்பி விட்டல் கேப்டன் ஆனார். இதே பாலு 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றதும் வரலாறுதான். அரசியலில் அவர் எடுத்த நிலையை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவருக்குக் கொடுத்த மண் குவளையை மறக்கவும் முடியாது.

இதோடு டர்பனில் நடந்த ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். 1963. ஒப்பந்தக் கூலிகளின் வம்சாவளியில் வந்த பப்வா செவ்கோலம், கோல்ஃப் மைதானத்தில் மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்து விளையாட்டைக் கற்றவர், நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளையர்களை ஜெயித்தார். கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையர் அல்லாதவர் நுழையக் கூடாது. ஆகவே கோப்பையை வெளியே, கொட்டும் மழையில் நிற்கவைத்துக் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் உலகத்தையே வெட்கப்படவைத்தது. அங்கே மழை, இங்கே மண் குவளை. ஜெயித்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்தும் கை ஒன்றுதான்.

மழையில் நின்ற பப்வாவுக்காக இந்தியா பேசியது. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் இந்தியாவின் எதிராளி தென்னாப்பிரிக்கா. சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி, முதல் முறையாகக் கோப்பையை வெல்லும் வாய்ப்பு. நிறவெறி நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அதை நாம் இன்றும் பெருமையாகவே சொல்கிறோம். ஒரு கோப்பையைவிட ஒரு மனிதனின் மரியாதை பெரிது என்று ஒரு நாடு முடிவெடுத்தது.

ஆனால் 2001-இல் அதே டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு கூடியது. சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று இந்தியாவிலிருந்து தலித் அமைப்புகள் போய் நின்றன. சாதி வேறு, இனம் வேறு, இது எங்கள் உள்விவகாரம் என்று இந்திய அரசு எதிர்த்தது. 1860-இல் சென்னையிலிருந்து போன கப்பலில் சாதி எழுதிய பதிவேடு இருந்தது. 141 ஆண்டுகள் கழித்து அதே கரையில் அந்தச் சொல்லை உச்சரிக்கவே கூடாது என்றார்கள்.

சாதியும் நிறமும் ஒன்றா என்ற வாதத்தை ஆய்வாளர்கள் தொடரட்டும். இரண்டும் தோன்றிய விதம் வேறுதான். சமூகவியல் படித்த நமக்கும் அது தெரியும். நாம் பார்க்கச் சொல்வது இரண்டும் செய்யும் வேலையை. உழைப்பை உள்ளே எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துவதில் இரண்டுக்கும் வித்தியாசம் என்ன?

இப்போது வடசென்னைக்கு வருவோம். இந்த மண் எந்த விளையாட்டுகளில் பேர் எடுத்தது என்று யோசியுங்கள். கேரம், குத்துச்சண்டை, கால்பந்து. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னையைச் சேர்ந்த காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், மூன்று தங்கம் வென்றார். வியாசர்பாடியிலிருந்து வந்த நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டார். ராயபுரம் பக்கத்துக் குத்துச்சண்டைப் பரம்பரைகளை ‘சார்பட்டா பரம்பரை’ படம் உலகத்துக்குக் காட்டியது.

இவற்றுக்குப் பொதுவான ஒன்று உண்டு. கேரமுக்கு ஒரு பலகையும் நாலு பேர் உட்கார இடமும் போதும். குத்துச்சண்டையை ஒரு சின்ன கூடத்தில் பழகலாம். கால்பந்தைச் சந்தில் ஆடலாம், இரண்டு செருப்பை வைத்தால் கோல் கம்பம். நிலமில்லாதவர்கள் நிலம் கேட்காத விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். புல்தரை வேண்டும், பிட்ச் வேண்டும், வலைப்பயிற்சி வேண்டும், உபகரணம் வேண்டும் என்கிற விளையாட்டுகள் நகரத்தின் தெற்கிலும் நடுவிலும் தங்கிவிட்டன. வெள்ளையர் காலத்தில் கிளப்புகளுக்கு நிலம் கொடுத்த இடங்களும் அவைதான். யாருக்கு எந்த விளையாட்டு வரும் என்பதைத் திறமை முடிவு செய்வதற்கு முன்பே பட்டா முடிவு செய்துவிடுகிறது.

இந்த உண்மையை மறைக்க ஒரு பாராட்டு வைத்திருக்கிறார்கள். ‘வடசென்னைப் பசங்க ரத்தத்துலயே குத்துச்சண்டை ஊறிக் கிடக்கு’ என்பார்கள். இந்தப் பாராட்டின் பாட்டன் யார் தெரியுமா? 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளையர் ராணுவம் இந்தியர்களைப் போர் இனம், போருக்கு ஆகாத இனம் என்று பிரித்தது. நேற்றுவரை அந்தப் படையில் சண்டை போட்ட மகர்களை 1890களில் தகுதியில்லாதவர்கள் என்று சொல்லி ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அண்ணலின் தந்தை சுபேதாராக இருந்த அதே படை! தேவைப்பட்டபோது வீரம் ரத்தத்தில் இருந்தது. தேவை முடிந்ததும் காணாமல் போனது. ரத்தத்தைப் புகழ்கிறவரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மைதானம், பயிற்சியாளர், சத்துணவு எதையும் தர வேண்டியதில்லை. பாலுவின் கைக்கு இயல்பாகவே பந்து வரும் என்று சொன்னவர்கள்தான் அந்தக் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை.

‘விளையாட்டில் சாதி இல்லை, திறமை இருந்தால் மேலே வரலாம்’ என்று நம் நண்பர்களே சொல்கிறார்கள். காசிமாவையும் நந்தகுமாரையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். தடையைத் தாண்டி வந்தவரைக் காட்டித் தடையே இல்லை என்பது என்ன நியாயம்? அவர்கள் வந்தது அவர்களுடைய உழைப்பாலும், தெருவிலேயே பயிற்சி கொடுத்த அண்ணன்மார்களின் தியாகத்தாலும். வராமல் போன பிள்ளைகளை யார் எண்ணினார்கள்?

‘வெள்ளையன் போய் 75 ஆண்டுக்கு மேலாகிவிட்டது, இன்னும் அவனையே குறை சொல்வதா’ என்றும் கேட்கிறார்கள். நாம் குறை சொல்வது அவன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தவர்களை. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. தமிழர் மானம் பொங்கியது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. நல்ல சட்டம், வரவேற்றோம். வேட்டி உள்ளே போக ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. அந்த நாட்டில் சேரிப் பிள்ளை மைதானத்துக்குள் போக எத்தனை தலைமுறை ஆகும்?

தமிழில் காலனி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, வெள்ளையன் பிடித்துவைத்த நாடு. இன்னொன்று, நாம் குடியிருக்கும் தெரு. இரண்டாவது பொருளில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர்ப் பலகை மாறட்டும். கூடவே பலகைக்குப் பின்னால் இருக்கும் நிலமும் மாற வேண்டும். அதற்காக நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, தமிழ்நாட்டில் கிளப்புகளுக்கும் விளையாட்டுச் சங்கங்களுக்கும் குத்தகைக்கு விடப்பட்ட அரசு நிலங்கள் எங்கே, எத்தனை ஏக்கர், என்ன வாடகை, எப்போது முடிகிறது என்று அரசு வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும். ரேஸ் கிளப் ஒன்று மட்டும்தானா என்று மக்களுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கென்று 2024-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. 2011 கணக்குப்படி பட்டியல் சாதியினர் 20 சதவீதம், பழங்குடியினர் 1.1 சதவீதம். விளையாட்டுத் துறை நிதியிலும் அந்தப் பங்கு, நம் குடியிருப்புகளில் கண்ணால் பார்க்கக்கூடிய மைதானமாக வர வேண்டும். விழாவிலும் டி-ஷர்ட்டிலும் கரைந்துபோகக் கூடாது.

மூன்றாவது, 2024-இல் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் சடையங்குப்பம் போன்ற இடங்களுக்கு வெள்ளம் ஏறாத உயரத்தில், மண்ணைப் பரிசோதித்து, மைதானம் அமைக்க வேண்டும். வருவாய்ப் பதிவேட்டில் அது விளையாட்டு மைதானம் என்றே ஏற வேண்டும். புறம்போக்கு என்று எழுதினால் நாளை அங்கே ஒரு குடோன் நிற்கும். இருளர் பெண் பிள்ளைகள் பயமில்லாமல் வந்து விளையாட வெளிச்சமும் கழிப்பறையும் அதில் சேர்த்தி.

நான்காவது, லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் பெரிய கம்பெனிகளுக்குச் சொல்கிறது. விளையாட்டுப் பயிற்சியும் அதற்கான பட்டியலில் உண்டு. மணலியிலும் எண்ணூரிலும் ஆலை நடத்துகிறவர்கள் அந்தப் பணத்தை எந்த ஊரில் செலவிடுகிறார்கள் என்று நம் ஊராட்களும் வார்டு உறுப்பினர்களும் கேட்டு வாங்க வேண்டும். புகை இங்கே, கோப்பை வேறெங்கோ என்பதை இனி ஏற்க முடியாது.

இவை சலுகைகள் இல்லை. நேட்டாலுக்கும் ரங்கூனுக்கும் கப்பலேற்றி வாங்கிய உழைப்பு, துறைமுகத்திலும் ஆலையிலும் இன்றும் வாங்கிக்கொண்டிருக்கும் உழைப்பு, இவற்றுக்கு ஈடாகத் தர வேண்டிய இடத்தில் இது ஒரு சிறு பகுதி. கிண்டியில் 160 ஏக்கரை ஆண்டுக்கு 614 ரூபாய்க்கு விட முடிந்த அரசுக்கு, பர்மா நகர்ப் பிள்ளைகளுக்கு 2 ஏக்கர் தருவது கஷ்டமாக இருக்காது. இந்த நான்கையும் மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட, உங்கள் பகுதியில் மைதானத்தின் நிலை என்னவென்று தகவல் தர விரும்பும் தோழர்கள் எங்களோடு சேருங்கள்.

ஜெய் பீம்.